தண்டில் படித்த ஓர் அறிவாளர்

அறிவு மிக்க ஒருவர் தவறான கருத்தொன்றைப் பற்றிக்கொண்டால், அதனை விடுவிப்பது எளிதன்று. சான்று தேடி லிங்கராஜபுரத்து நேயர்கள் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அருகிலேயே, மக்கள் 'தண்டு' என வழங்கும் பழைய பெங்களூர்க் கண்டோன்மெண்ட் இருக்கிறது. 1809-இல் ஆங்கிலேயர் அங்குப் படைநிலையம் அமைத்தபின், தமிழர் பலர் சிப்பாய்களாகவும் வணிகராகவும் சமையற்காரராகவும் குதிரைக்காரராகவும் வந்து குடியேறினர்.

1896-ஆம் ஆண்டு அத்தண்டுக்கு வந்தார், 21 வயதுக் குதிரைப்படை அதிகாரி வின்ஸ்டன் சர்ச்சில். காலையிற் படைப்பயிற்சி, மாலையிற் போலோ, இடையே வெயிற்பொழுது முழுவதும் படிப்பு. பல்கலைக்கழகம் காணாத அவர், கிப்பன், மெக்காலே, பிளேட்டோ, டார்வின், மால்தூஸ் ஆகியோர் நூல்களை அங்கேதான் கற்றார். பழைய நாடாளுமன்ற விவாதம் ஒன்றைப் படிக்குமுன் தம் கருத்தைத் தாளில் எழுதிக்கொள்வார். படித்தபின் அதனை மீண்டும் ஆராய்வார். மாணவர் எவரும் மேற்கொள்ளத்தக்க முறைதான். பெங்களூர்க் கிளப்பில் அவர் தீர்க்காது சென்ற 13 ரூபாயையே பலரும் இன்று வேடிக்கையாகச் சொல்வர், அது கிடக்கட்டும்.

அவருடன் எதிர்வாதம் செய்ய அந்தப் பங்களாவில் ஓர் இந்தியர் உண்டோ? அவர் நாள்தோறும் கண்டவர்கள் உடை எடுத்துக் கொடுத்த பணியாளும் குதிரை பிடித்தவருமே. ஏவியதைச் செய்வோரை மட்டும் கண்ட கண், ஆளத்தக்கோரைக் காணவில்லை. 1899-இல் சென்றவர் இந்தியாவுக்குத் திரும்பி வரவுமில்லை.

1931-இல் இந்தியத் தன்னாட்சியை எதிர்த்துத் தம் கட்சித் தலைமைக்குழுவிலிருந்தே விலகினார். காந்தியடிகள் வைஸ்ராயுடன் சமமாக அமர்ந்து பேசியதை இழித்துரைத்தார். பெங்களூரிற் பயின்ற சொல்வன்மையே அவருடைய வெறுப்புக்கு வழக்கறிஞராயிற்று. வாதத்திறன் குறைந்தவராயின், ஒருகால் ஐயமேனும் கொண்டிருப்பார். ஹிட்லரால் வரும் கேட்டைப் பலருக்கு முன்னரே உணர்ந்தவரும் இவரேயன்றோ!

1943-இல் வங்காளப் பஞ்சத்தில் ஏறக்குறைய 30 லட்சம் மக்கள் மாண்டனர். போர்க்காலத்திற் கப்பல்கள் அரியனவாயிருந்தது மெய்யே. ஆயினும் தானியம் அனுப்பக் கேட்டபோது, இந்தியர் முயல்போற் பெருகுகின்றனர் என்று சர்ச்சில் பேசியதை, இந்திய அமைச்சர் அமெரி தம் நாட்குறிப்பிற் பதிந்தார். கோரக்பூரிற் பிறந்த அமெரியும் பேரரசுப் பற்று மிக்கவர்தாம். அவருக்கே அப்பேச்சுப் பொறுக்கவில்லை.