நிழல்களைக் கூட்டிப் பிறந்த படம்

1960-களின் கடைசி. லண்டனை அடுத்த ஹேய்ஸில், இ.எம்.ஐ. கம்பெனி ஆய்வுக்கூடத்தில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர் ஒரு பழைய கடைசல் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு பொருளைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு பக்கத்திலும் கதிரைப் பாய்ச்சி, விழுந்த நிழல்களையெல்லாம் கூட்டிக் கணக்குப் போட்டால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும் என்று நம்பினார். முதலில் ஒரு படத்துக்கு 9 நாள் ஆனது. எக்ஸ்ரே குழாய்க்கு மாறியதும் 9 மணி நேரம். அதற்குள், படமெடுக்க வைத்த கசாப்புக்கூடத்து மாட்டு மூளை அழுகி, உள்ளே குமிழ் கட்டிப் படத்தைக் கெடுத்தது! இதே கம்பெனி பீட்டில்ஸ் பாட்டு விற்ற காசில் நடந்த ஆராய்ச்சி என்று இன்றும் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிட்டன் சுகாதாரத் துறை போட்ட பணமே அதிகம். இதே நிழல் கணக்கு கடலுக்கு இப்பாலும் ஒருவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

அவர் ஜி.என். ராமச்சந்திரன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி கொலாஜன் புரதத்தின் முப்புரி வடிவத்தை உலகுக்குச் சொன்னவர். 1970-ல் சென்னையை விட்டு, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனார். நோயாளியோ மண்டை ஓடோ அவர் நினைப்பில் முதலில் வரவில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்து முப்பரிமாண உருவத்தை மீட்கும் வழியைத் தேடினார். ஏ.வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து ஒரு குறுக்குவழி கண்டார்: ஒவ்வொரு நிழலையும் முதலில் ஒரு கணித வடிகட்டியில் செலுத்தி, பிறகு அது வந்த திசையிலேயே திருப்பிப் பரப்பினால் போதும். கட்டுரை 1971 செப்டம்பரில் அச்சேறியது. அடுத்த மாதம் முதல் தேதியே, விம்பிள்டனில் ஒரு பெண்மணி ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரத்துக்குள் தலையை நீட்டினார்.

அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் எடுத்த அந்தப் படத்தில் மூளைக்கட்டி கறுப்பு வட்டமாகத் தெரிந்தது. அந்த இயந்திரம் கணக்குப் போட்ட வழி வேறு. பின்னால் வந்த வேகமான இயந்திரங்கள் பிடித்துக்கொண்டதோ, ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் இருவர் பெயராலும் வழங்கும் ‘ராம்-லாக்’ வடிகட்டியை. 1979 நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் இயற்பியலாளர் ஆலன் கார்மாக்குக்கும் போனது. ராமச்சந்திரனுக்கு இல்லை. இது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால், மருத்துவர்களை உறுத்திக்கொண்டிருந்தது வேறொன்று.

பக்கவாதம் வந்து முதல் நாள் பேசிக்கொண்டிருந்தவர், இரண்டாம் மூன்றாம் நாளில் நினைவு தப்பிப்போனார். ரத்தம் போகாத மூளைத்திசு நீர் கோத்து வீங்க, மண்டை ஓடு இடம் தராமல் நெருக்கியது. 1996-ல் ஹைடல்பர்க்கில் வெர்னர் ஹாக்கே குழு, நடு மூளைத் தமனியின் பகுதி முழுதும் பாதித்த 55 பேரைப் பற்றி எழுதியது. தீவிர சிகிச்சை கொடுத்தும் 43 பேர் இறந்திருந்தார்கள். யாருக்கு வீங்கும் என்பதை முன்னாலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

தடயம் படத்திலேயே இருந்தது. நீர் கோத்த திசு கறுத்துத் தெரியும். 2000-ல் கனடாவின் கால்கரியில், அந்தத் தமனியின் பகுதியை 10 கூறாகப் பிரித்து, பாதித்த கூறு ஒன்றுக்கு ஒரு மதிப்பெண் கழித்தார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்காகப் பிறந்த கணக்கு அது. மதிப்பெண் குறைந்தால் வீக்கத்தின் ஆபத்து ஏறுகிறது என்பது பிறகு தெரியவந்தது. சரி, தெரிந்து என்ன செய்வது?

மண்டையைத் திறப்பதுதான். 2007-ல் மூன்று ஐரோப்பிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 60 வயதுக்குட்பட்டவர்களில், 48 மணி நேரத்துக்குள் ஒரு பக்க மண்டை எலும்பை எடுத்துவிட்டவர்களில் 78 சதவீதம் பேர் பிழைத்தார்கள். எடுக்காதவர்களில் 29 சதவீதம் பேர்தான். பிழைத்தவர்கள் எல்லோரும் எழுந்து நடந்துவிடவில்லை என்பதும் உண்மை.

மாமல்லபுரம் கரையில் வாய் கோணிக் கை விழுந்தவரை 108 வண்டி ஏற்றிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் ஓடினால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இப்படி வருபவர்களிடம் எந்த ஊரிலும் முதலில் கேட்பது ‘சி.டி. ஸ்கேன்’. பெங்களூருக் கணக்கும் மாட்டு மூளையும் சேர்ந்த படம் அதுதான். கறுப்பு பெரிதாக இருந்தால் மறுநாளும் ஒன்று எடுத்து, மூளையின் நடுக்கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளக்கிறார்கள்; அறுவைக்குத் தயாராக இருக்கும்படி நரம்பியல் அறுவை மருத்துவருக்கும் சொல்லிவைக்கிறார்கள்.