திரையில் பேட்மேன் வேடம்

அமெரிக்காவின் டிடெக்டிவ் காமிக்ஸ் இதழில் 1939-இல் அறிமுகமான பேட்மேனைத் திரையில் ஏற்ற நடிகர்களின் வரலாறு. பாத்திரத்தைப் படைத்தவர்கள் பாப் கேன், பில் ஃபிங்கர். கோதம் நகரத்துப் பணக்காரன் புரூஸ் வேன், சிறுவயதில் தன் கண்ணெதிரே பெற்றோர் சுட்டுக் கொல்லப்பட்டதன் விளைவாக, இரவில் வௌவால் வேடமிட்டுக் குற்றவாளிகளைத் துரத்துகிறான். ஆகவே இது எப்போதுமே இரட்டை வேடம். முகமூடி மாட்டியபின் நடிகருக்கு மிஞ்சுவது வாய், தாடை, குரல் மட்டுமே. புரூஸையும் பேட்மேனையும் எவ்வளவு தூரம் பிரித்துக் காட்டுவது என்பதில்தான் ஒவ்வொருவரும் வேறுபட்டார்கள்.

முதலில் நடித்தவர் லூயிஸ் வில்சன். 1943-இல் கொலம்பியா நிறுவனம் எடுத்த 15 பாகத் தொடர்படம் அது. போர்க்காலம் என்பதால் வில்லன் ஜப்பானியன். வசனங்களில் இனவெறி ஒளிவுமறைவின்றி வரும். 1949-இல் வந்த இரண்டாவது தொடர்படத்தில் ராபர்ட் லோவரி நடித்தார். இரண்டிலும் அடிதடிக்கே முதலிடம்.

1966 முதல் 1968 வரை 120 அத்தியாயங்கள் ஓடிய தொலைக்காட்சித் தொடரில் ஆடம் வெஸ்ட் நடித்தார். இதைக் கோமாளித்தனம் என்று ஒதுக்குவது அவசர முடிவு. வெஸ்ட் எங்கும் சிரிப்பு மூட்ட முயல்வதில்லை. எவ்வளவு அபத்தமான வசனத்தையும் நீதிமன்றத் தீர்ப்பைப் போல நிறுத்தி, நிதானமாகச் சொல்வார். சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. 1966-இல் வெளிவந்த திரைப்படத்தில், திரி எரியும் குண்டைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்தில் ஓடுவார். எந்தப் பக்கம் எறியப் போனாலும் கன்னியாஸ்திரிகளோ வாத்துக் குஞ்சுகளோ எதிர்ப்படுவார்கள். அப்போதும் அவர் முகத்தில் கடமை உணர்ச்சி மட்டுமே தெரியும். தொடர் முடிந்தபின் வேறு வேடங்கள் கிடைக்காமல் அவர் நெடுங்காலம் திண்டாடினார்.

1989-இல் வெளிவந்த படத்துக்கு இயக்குநர் டிம் பர்ட்டன் மைக்கேல் கீட்டனைத் தேர்ந்தெடுத்தபோது, நகைச்சுவை நடிகரா என்று ரசிகர்கள் கொதித்தார்கள். வார்னர் பிரதர்ஸுக்குக் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. கட்டுமஸ்தான ஆளுக்கு இந்த உடையே தேவையில்லையே என்பது பர்ட்டனின் வாதம். ரப்பர் உடையில் கழுத்தைத் திருப்ப முடியாது. திரும்புவதென்றால் உடம்போடு திரும்ப வேண்டும். கீட்டன் அந்தக் குறையையே நடிப்பாக்கிக்கொண்டார்: அசைவைக் குறைத்தார், குரலைத் தாழ்த்தினார். அவருடைய புரூஸ் இன்னும் சுவையானவன். தன் மாளிகையின் சாப்பாட்டு அறைக்கே புதிதாக வந்தவன்போல் விழிக்கும் ஞாபகமறதிக்காரன். பின்னால் வந்த பலரும் பேட்மேனுக்கென்று தனிக் குரல் தேடியதற்குத் தொடக்கம் இங்கேதான்.

வால் கில்மர் (1995) பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஜார்ஜ் குளூனி (1997) முகமூடிக்குள்ளும் வெளியேயும் ஒரே குளூனிதான். அந்தப் படம் வாங்கிய அடியில் பேட்மேன் எட்டாண்டுகள் திரைக்கு வரவில்லை. அதைப் பற்றித் தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்ள குளூனி தயங்கியதில்லை.

கிறிஸ்டோபர் நோலன் 2005-இல் கதையை மீண்டும் தொடக்கத்திலிருந்து சொன்னார். 'தி மெஷினிஸ்ட்' படத்துக்காக எலும்பும் தோலுமாகியிருந்த கிறிஸ்டியன் பேல், சில மாதங்களில் உடம்பை ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் வேடத்தை மூன்றாகப் பிரித்தார்: ஊருக்குக் காட்டும் உல்லாசப் பேர்வழி, பணியாளர் ஆல்ஃபிரட் மட்டுமே அறிந்த புரூஸ், பிறகு பேட்மேன். 2008-இல் வந்த 'தி டார்க் நைட்'டில் அவருடைய உறுமல் குரல் கேலிக்கு ஆளானது. நீண்ட வசனங்களை அந்தக் குரல் தாங்கவில்லை என்பது உண்மையே. தலையைத் திருப்ப முடிகிற புது உடையை புரூஸ் கேட்டு வாங்குவதும் அதே படத்தில்தான்.

பென் அஃப்ளெக் (2016) குரல் சிக்கலைக் கருவியிடம் விட்டார். முகமூடியில் பொருத்திய சாதனம் குரலை மாற்றிவிடும். இருபதாண்டு சண்டையில் சலித்து, கொலைக்கும் அஞ்சாதவன் அவருடைய பேட்மேன். தோற்றத்தில் காமிக்ஸுக்கு மிக அருகில் இருந்தவர் இவர்தான். ஆனால் திரைக்கதைகள் அவருக்குக் கைகொடுக்கவில்லை. தனிப் படம் ஒன்றை அவரே இயக்குவதாக இருந்தது. அது மாட் ரீவ்ஸ் கைக்குப் போய், 2022-இல் ராபர்ட் பாட்டின்சன் நடிப்பில் வந்தது.

பாட்டின்சன் வழக்கத்தைத் தலைகீழாக்கினார். இவருடைய புரூஸுக்கு ஊருக்குக் காட்டும் முகமே இல்லை. முகமூடியைக் கழற்றிய பிறகும் கண்ணைச் சுற்றிய கறுப்பு மை அப்படியே இருக்கும். அதே தாழ்ந்த குரலில்தான் ஆல்ஃபிரடிடமும் பேசுவார். பேட்மேனாக இவர் வலுவானவர். புரூஸாக இன்னும் நிறையச் செய்ய இடமிருக்கிறது.

2023-இல் வெளியான 'தி ஃபிளாஷ்' படத்தில் கீட்டன், அஃப்ளெக், குளூனி மூவரும் புரூஸ் வேனாகவே தோன்றினார்கள். மூவரில் படத்தைத் தூக்கி நிறுத்தியவர் கீட்டன். அப்போது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது.