முதலெழுத்துகள் காட்டிய வழி

பலர் கைபட்டு வளர்ந்த நூலில் எந்தப் பகுதி யாருடையது என்று பிரித்தறிவது எத்துணைக் கடினம் என்பதை இடைச்செருகல் பற்றிய வாதங்களில் உழன்ற நாம் நன்கறிவோம். கணினி உலகின் ஒரு சிறு மூலையிலும் இதே வினா எழுந்தது. அங்கே அதற்கு விடையும் கிடைத்தது.

ஸ்மால்டாக் என்னும் நிரல்மொழி 1970-களில் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் பிறந்தது. அதை உருவாக்கியோருள் ஆலன் கே, டான் இங்கால்ஸ் ஆகிய இருவரும் பின்னர் ஆப்பிள் நிறுவனத்தில் பணியாற்றியபோது, தம் குழுவினருடன் அம்மொழிக்குப் புதிய வடிவமொன்று சமைத்தனர். ஸ்குவீக் எனப் பெயரிட்டு, 1996-இல் மூலநிரலோடு அதை யாவர்க்கும் திறந்துவிட்டனர்.

பிற மொழிகளில் நிரல் பெரும்பாலும் தனித்தனிக் கோப்புகளில் இருக்கும். ஸ்குவீக்கிலோ மொழி, எழுதும் கருவிகள், திரையில் தோன்றும் சாளரங்கள் யாவும் ஒரே நினைவகப் படிமமாகச் சேமிக்கப்படுகின்றன. தனியொருவருக்கு இது பெரும் வசதி. பலர் கூடி உழைப்பதற்கு இதுவே இடையூறு. அவரவர் படிமம் அவரவர் போக்கில் வளர்ந்துவிடும். எனவே, செய்த மாற்றங்களை மட்டும் பிரித்தெடுத்து அனுப்பும் வழக்கம் நிலவியது. ஒவ்வொரு சிறு நிரற்கூற்றிலும் எழுதியவரின் பெயர் முதலெழுத்துகளும் தேதியும் நேரமும் பதிந்துவிடும்.

ஆப்பிள் வழங்கிய உரிமம் தாராளமானதே. ஆயினும் எழுத்துரு, ஏற்றுமதி, இழப்பீடு பற்றிய சில நிபந்தனைகள் அதில் இருந்தன. அதனால் டெபியன் போன்ற கட்டற்ற மென்பொருள் இயக்கங்கள் அதை முழுமையாகக் கட்டற்றது என ஏற்கவில்லை. ஸ்குவீக்கில் எழுதப்பட்ட ஈடாய்ஸ் என்னும் கல்வி மென்பொருளைக் 'குழந்தைக்கொரு மடிக்கணினி' திட்டம் எடுத்துக்கொண்டபோது இக்குறை பெரிதாயிற்று. 2006-இல் ஆப்பிள் தன் பங்கை அப்பாச்சி உரிமத்துக்கு மாற்றிக்கொடுத்தது.

ஆனால், அது ஆப்பிளின் பங்கு மட்டுமே. இடைப்பட்ட பத்தாண்டுகளில் தன்னார்வலர் பலர் எழுதிச் சேர்த்தவை அவரவர்க்கே உரியவை. அவர்கள் ஒவ்வொருவரையும் தேடி, எம்.ஐ.டி. உரிமத்துக்கு எழுத்துமூலம் இசைவு பெறவேண்டியிருந்தது. நிரற்கூறுகளில் பதிந்திருந்த முதலெழுத்துகளே அத்தேடலுக்கு வழிகாட்டின. இசைவு கிட்டாத பகுதிகள் நீக்கப்பட்டன, அல்லது புதிதாக எழுதப்பட்டன. இப்பணி முற்றி, 2010-இல் ஸ்குவீக் 4.0 புதிய உரிமத்தோடு வெளிவந்தது.

இதற்கிடையே கருத்து வேற்றுமையும் முளைத்தது. பழைய நிரல்கள் பழுதின்றி இயங்கவேண்டும் என்றனர் சிலர்; பழையன கழிந்து மொழி புதுமை பெறவேண்டும் என்றனர் வேறு சிலர். பின்னவர் 2008-இல் ஃபாரோ என்னும் தனிக்கிளை கண்டனர். 2009-இல் ஸ்குவீக் அணியினரும் தம் நடைமுறையை மாற்றினர்: எவரும் தம் திருத்தத்தைப் பொதுவானதொரு வரவுப்பெட்டியில் இடலாம், பொறுப்பாளர் சிலர் அதை ஆய்ந்து மூலத்தில் சேர்ப்பர்.

கூட்டு உழைப்பை நிர்வகிப்பது என்றவுடன் தலைமை, விதிகள், கருவிகள் என்றே நாம் எண்ணுகிறோம். ஸ்குவீக்கை மீட்டதில் அவற்றுக்கும் பங்குண்டு. எனினும் எழுதியவர் யார் என்னும் பதிவு இல்லாதிருந்தால், எவரிடம் இசைவு கேட்பது என்றே அவர்களுக்குத் தெரிந்திராது. நம் சுவடிகளில் பெயர் பொறிக்காமல் போனவர்களை இனி நாம் கேட்கவியலாது. ஸ்குவீக்கில் எழுதியவர்களைத் தேடிச் சென்று கேட்க முடிந்தது. அவர்களுள் மிகப் பலர் இசைந்தும் கொடுத்தனர்.