புத்தளக் கரையோர மகளிரும் கூட்டு முயற்சியும்

கடலும் கடல் சார்ந்த நிலமும் நெய்தல் என வகுத்தனர் பண்டைத் தமிழர். அந்நிலத்துப் பெண்டிர் மீனை உணக்கியும், உப்பை விற்றும், காயும் கருவாட்டைப் பறவைகளிடமிருந்து காத்தும் இல்லறத்தைத் தாங்கிய செய்தி சங்கச் செய்யுட்களால் அறியக்கிடக்கின்றது. உழைப்பிலே பெண்ணுக்குப் பங்கில்லாத காலம் நெய்தலில் என்றும் இருந்ததில்லை. ஆயின், உழைப்பிற் பங்குகொண்டவளுக்கு ஊதியத்திலும் உடைமையிலும், ஊரவை எடுக்கும் முடிவிலும் பங்கு கிடைத்ததா என்பது வேறொரு வினா. இவ்வினாவை வரலாற்று நோக்கில் ஆராய்வதற்கு இலங்கையின் வடமேற்கே அமைந்த புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் தக்கதொரு களமாகும்.

வடக்கே மோதரகம் ஆற்றையும் தெற்கே மா ஓயாவையும் எல்லையாகக் கொண்ட இம்மாவட்டத்திற் புத்தளம், முந்தல், சிலாபம் என்னும் மூன்று களப்புகள் உள்ளன. கற்பிட்டிக் குடாநாட்டில் முஸ்லிம் மக்கள் செறிந்து வாழ்கின்றனர். கரைவலைத் தொழிலுக்கும் திரௌபதை அம்மன் ஆலயத் தீமிதிப்புக்கும் பேர்பெற்ற உடப்பு, இந்துத் தமிழரின் ஊர். சிலாபத்தை அண்டிய மீனவ ஊர்களிற் கத்தோலிக்கர் பலர். அங்கேயுள்ள முன்னேசுவரத்தைத் தமிழரும் சிங்களவரும் ஒருங்கே வழிபடுகின்றனர். மொழியும் சமயமும் பலவாயினும் களப்பு பொதுவானது. அதன் நீர் கெட்டால் எல்லார் வீட்டு அடுப்பும் ஒருங்கே அணையும். இக்கரையிற் கூட்டு முயற்சி என்பது நல்லெண்ணத்தால் மட்டும் எழுந்ததன்று, தேவையாலும் எழுந்ததாகும்.

இலங்கையிற் கூட்டுறவு இயக்கம் 1906ஆம் ஆண்டு தோன்றிய கடனுதவிச் சங்கத்தோடு தொடங்கியது. பெண்களின் வாக்குரிமையை வேண்டி 1927இல் ஒரு சங்கம் நிறுவப்பெற்றது. 1931இல் டொனமூர் யாப்பின் வழி அவ்வுரிமை கைகூடிற்று. கிராமப் பெண்களை ஒன்றுதிரட்டும் பொருட்டு மருத்துவர் மேரி ரத்தினம் 1930இல் இலங்கை மகளிர் சமித்தியைத் தோற்றுவித்தார். 1978இல் அரசு மகளிர் பணியகத்தை நிறுவியது. சணச எனப்படும் சிக்கன கடனுதவிக் கூட்டுறவு இயக்கம் புத்துயிர் பெற்றதும் அவ்வாண்டிலேயே. இவையனைத்தும் பெரும்பணிகள் என்பதில் ஐயமில்லை. எனினும் கரையோர மீன்பிடிச் சங்கங்கள் பெரும்பாலும் கடலுக்குச் செல்வோரை உறுப்பினராகக் கொண்டு எழுந்தவை. வலையும் வள்ளமும் உடையவன் மீனவன் என எண்ணப்பட்டான். மீனைத் தரம்பிரித்து, உப்பிட்டு, உலர்த்தி, விற்றவள் மீனவனின் மனைவி என்றே எண்ணப்பட்டாள். கணக்கேட்டில் இடம்பெறாத உழைப்பு கடன் பெறும் தகுதியையும் தரவில்லை.

1980களில் இக்கரையின் போக்கை மாற்றியது இறால் வளர்ப்புத் தொழில். ஏற்றுமதி வருவாயை நாடிக் களப்போரங்களிற் குளங்கள் வெட்டப்பட்டன. அவற்றுக்கு இடமளிக்கக் கண்டற்காடுகள் அழிக்கப்பட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் இறாற் பண்ணைகளைத் தாக்கிப் பேரிழப்பை விளைத்தது. பலர் குளங்களைக் கைவிட்டனர். கைவிட்ட குளத்திற் காடு தானே மீளவில்லை. மீனும் இறாலும் நண்டும் தம் இளம்பருவத்தைக் கழிக்கும் நாற்றங்கால் கண்டல் வேர்களின் இடையே அமைந்தது. அது குறைந்தபோது களப்பில் மீன்பாடும் குறைந்தது. இலாபம் சிலரைச் சேர்ந்தது. இழப்போ களப்பை நம்பிய எல்லாரையும் சேர்ந்தது. விறகுக்கும் கறிக்கும் களப்போரத்தையே நாடிய வறிய பெண்டிர் அவ்விழப்பை முதலில் உணர்ந்தனர்.

இந்நிலையிலேதான் சிலாபத்தை நடுவாகக் கொண்ட இலங்கைச் சிறு மீனவர் சம்மேளனத்தின் பணி கருதத்தக்கதாகின்றது. பின்னர் சுதீச எனப் பெயர்பெற்ற இவ்வமைப்பு, அனுராத விக்கிரமசிங்கவின் தலைமையில், பம்பலையில் கண்டல் நாற்றுகளை வளர்த்து நடுவதில் ஈடுபட்டது. காட்டை வெட்டாதீர் என்று கூறுதல் எளிது. ஆயின் அன்றைய உலைக்கு விறகு தேடுபவளுக்கு அவ்வறிவுரை உணவாகாது. வேறு வருவாய்க்கு வழி செய்த பின்னரே காவலை வேண்டுதல் நியாயம் என்னும் உண்மையை இவ்வமைப்பு உணர்ந்திருந்தது. எனவே சிறுகடனையும் தொழிற் பயிற்சியையும் காடு காத்தலோடு இணைத்தது.

2015ஆம் ஆண்டு மே மாதம் இம்முயற்சி நாடளாவிய திட்டமாக விரிந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரிலுள்ள சீக்கோலஜி என்னும் தீவுப் பாதுகாப்பு அமைப்பும் சுதீசவும் இலங்கை அரசும் அதில் இணைந்தன. ஐந்தாண்டுகளுக்கு 34 இலட்சம் அமெரிக்க டொலர் செலவிடத் திட்டமிடப்பட்டது. எஞ்சியிருந்த 21,782 ஏக்கர் கண்டற்காட்டைக் காப்பதும், அழிந்த 9,600 ஏக்கரில் மீண்டும் நடுவதும் குறிக்கோள்கள். 1,500 களப்போரச் சமூகங்களைச் சேர்ந்த 15,000 வறிய பெண்களுக்குப் பயிற்சியும் சிறுகடனும் வழங்குதல் அதன் மறுபாதி. ஒரு சமூகத்துக்குச் சராசரி பத்துப் பெண்கள். அச்சமூகத்தின் பொறுப்பில் ஏறத்தாழ 21 ஏக்கர் காடு. தன் கண்டற்காடுகள் அனைத்தையும் காக்க முன்வந்த முதல் நாடு என்ற பெயர் இதனால் இலங்கைக்குக் கிட்டியது. 2016ஆம் ஆண்டு யூலை மாதம் பம்பலையிற் கண்டற்காட்டுக்கெனத் தனியாக ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பெற்றது.

இவ்வேற்பாட்டின் நுட்பம் பொறுப்புகளின் பங்கீட்டில் உள்ளது. அரசால் சட்டம் இயற்ற இயலும். ஆயின் ஒவ்வொரு களப்பின் ஓரத்திலும் ஒரு காவலரை நிறுத்த இயலாது. வெளிநாட்டு அமைப்பால் பொருள் தர இயலும். ஆயின் எந்த வீட்டில் விறகில்லை என்பதை அது அறியாது. ஊர்ச் சங்கத்துக்கு ஆளறிவு உண்டு. ஆயின் முதல் இல்லை. தனித்து நின்றால் குறைபடும் மூன்றும் இணைந்தபோது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பியது. அவ்விணைப்பின் நடுவே நின்றவள் கடன் பெற்ற பெண்.

ஆயினும் புகழ்ச்சியோடு நின்றுவிடுதல் வரலாற்றாய்வுக்கு அழகன்று. ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் நிகழ்ந்த கண்டல் நடுகைகளை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வொன்று, 23 இடங்களுள் 9 இடங்களில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை எனக் காட்டியது. பொருந்தா இடத்தில் நட்டமையும் நட்டபின் பேணாமையும் இதன் காரணங்களுள் அடங்கும். நடுவிழாவிற்கு வந்தோர் பலராயினும், மறுநாள் கன்றைப் பார்க்க அங்கேயே வாழ்பவர்தாம் வேண்டும். அத்தகையோரின் வாழ்வோடு காட்டைப் பிணைக்காத நடுகை நிலைப்பதில்லை.

இரண்டாவது இடர்ப்பாடு கடனைப் பற்றியது. 2010களில் இலங்கையின் கிராமங்களிற் சிறுகடன் நிறுவனங்கள் பெருகின. பெண்கள் ஒரு கடனை அடைக்க மறுகடன் பெற்று, வட்டியிற் சிக்குண்டனர். 2018இல் வறட்சியுற்ற மாவட்டங்களிலுள்ள பெண்களின் சிறுகடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. 2021இல் ஹிங்குராக்கொடையில் கடனாளிப் பெண்கள் தொடர் அறப்போராட்டம் நடத்தினர். கூட்டுப் பிணை என்னும் முறை இருமுனை வாள். உறுப்பினர் தாமே சேமித்து, தாமே வட்டியை வரையறுக்கும் சங்கத்தில் அது தோழமையாகும். இலாபமே நோக்கான நிறுவனத்தில் ஒருத்தியின் துன்பத்தை அண்டை வீட்டாரே அவள்மேல் நெருக்கும் கருவியாகும். கடன் எவ்வளவு என்பதினும், கடனை ஆள்வது யார் என்பதே தலையாய வினா.

களப்பின் வடபகுதியில் வரலாறு வேறொரு வகையிற் கூட்டு முயற்சியைத் தோற்றுவித்தது. 1990ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தை, சிறப்பாகக் கற்பிட்டிக் குடாநாட்டை, அடைந்து ஓலைக் கொட்டில்களில் வாழத் தொடங்கினர். வந்தோர் தொகை மிக, நீருக்கும் பள்ளியிடத்துக்கும் கூலிவேலைக்கும் வந்தோரும் முன்னிருந்தோரும் போட்டியிட வேண்டியதாயிற்று. நிலமும் தொழிலும் இழந்த குடும்பங்களிற் பெண்கள் வெங்காயத் தோட்டங்களிற் கூலிக்குச் சென்றனர். பலர் பணிப்பெண்களாக மத்திய கிழக்கு நாடுகளுக்குப் புறப்பட்டனர்.

இச்சூழலிலே அகதிப் பெண்களிடையே அமைப்புகள் தோன்றின. மன்னாரைச் சேர்ந்த ஷெரீன் சரூர், தாமும் வெளியேற்றத்துக்கு உள்ளானவர். அவர் மன்னார் மகளிர் அபிவிருத்திச் சம்மேளனத்தின் வழியே தமிழ்ப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் ஒரே அமைப்பில் இணைத்தார். போர் பிரித்துவைத்த இரு சமூகத்துப் பெண்கள் ஒருவர் துயரை மற்றவர் கேட்க அமர்ந்தமை சிறு செயலன்று. புத்தளத்திற் பணியாற்றும் முஸ்லிம் மகளிர் அமைப்புகளோ, வாழ்வாதார உதவியோடு தொடங்கி, நாளடைவிற் சட்டத்தின் வாயிலை அடைந்தன. காதி நீதிமன்றத்திலே பராமரிப்புப் பணத்துக்கும் மணவிலக்குக்கும் அலைந்த பெண்கள் உதவி நாடி வந்தமையே அதற்குக் காரணமாயிற்று.

1951ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையொப்பத்தை வேண்டவில்லை. பெண்ணைக் காதியாக நியமிக்க இடந்தரவில்லை. பன்னிரண்டு வயது நிரம்பாத சிறுமியின் மணத்தையும் காதியின் இசைவோடு பதிய அனுமதித்தது. இதன் சீர்திருத்தத்தை ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த குழு 2018 சனவரியில் அறிக்கையைக் கையளித்தது. குழு ஆராய்ந்த காலமெல்லாம், கொழும்பிலும் கிழக்கிலும் புத்தளத்திலும் இயங்கிய பெண்கள் அமைப்புகள் ஒன்றுகூடித் தம் மக்களின் வாழ்விலிருந்தே சான்றுகளைத் திரட்டி முன்வைத்தன. மார்க்கத்தை எதிர்த்தன்று, மார்க்கம் வேண்டும் நீதியைக் கேட்டே தாம் நிற்பதாக அவர்கள் கூறினர். சமூகத்தினுள்ளிருந்தே வந்த எதிர்ப்பையும் அவர்கள் தாங்க வேண்டியிருந்தது.

சிலாபத்து முயற்சியையும் கற்பிட்டி முயற்சியையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும். முன்னது பொருளிலிருந்து தொடங்கியது. பின்னது உரிமையை நோக்கிச் சென்றது. கடன் பெற்ற பெண்ணுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லையேல், ஈட்டிய பொருள் அவள் கையில் நில்லாது. சட்டம் இருந்தும் பொருளில்லையேல், நீதிமன்றம் செல்லப் பேருந்துக் கட்டணமும் அவளிடம் இராது. இரண்டையும் இணைக்கும் பாலம் ஊராட்சியிற் குரல். உள்ளூராட்சி மன்றங்களில் மகளிர்க்கு நூற்றுக்கு 25 இடங்களை ஒதுக்கும் சட்டம் 2016இல் இயற்றப்பெற்றது. 2018 பெப்ரவரித் தேர்தலில் அது முதன்முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அம்மன்றங்களிற் பெண்களின் பங்கு நூற்றுக்கு இரண்டளவே.

இவ்வரலாற்றால் அறியலாகும் முடிபுகள் மூன்று. பெண்ணின் தேவையை அறிந்தபின் வகுத்த திட்டமே நிலைக்கும் என்பது முதலாவது. இணையும் அமைப்புகள் தத்தம் வலிமையைத் தந்து, ஒன்றை மற்றொன்று விழுங்காதிருத்தல் வேண்டும் என்பது இரண்டாவது. முடிவெடுக்கும் அவையிலே அப்பெண் பயனாளியாக மட்டுமன்றி உறுப்பினளாகவும் அமர வேண்டும் என்பது மூன்றாவது. கண்டல் ஒரே வேரால் நிற்பதன்று. சேற்றிலே பல வேர்களை ஊன்றியே அலையைத் தாங்குகின்றது. புத்தளக் கரையிலே பல சமயத்தாரும் பல மொழியாரும் ஊன்றிய அமைப்புகள் இன்னும் இளங்கன்றுகளே. அவை வேர்கொள்வது, மறுநாளும் வந்து பார்க்கும் கைகளைப் பொறுத்தது.