நெருக்கடி தீர்ந்த பிறகும் வரும் படபடப்பு: தெரிந்துகொள்ள வேண்டியவை

பேராக்கில் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்றாலே கேலிப் பேச்சுதான். 1911-இல் திறக்கப்பட்ட அங்குள்ள மனநல மருத்துவமனை இன்று ஹாஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா என்ற பெயரில் இயங்குகிறது. அந்தக் கேலிக்குப் பயந்தே, படபடப்பு வந்தாலும் நம்மவர்கள் பலர் வெளியில் சொல்வதில்லை.

பீதித் தாக்கு என்பது பைத்தியம் அல்ல. திடீரென நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும், கை மரத்துப்போகும், செத்துவிடுவோமோ என்ற பயம் வரும். பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தை எட்டி, பிறகு மெல்லத் தணியும். ஆபத்தில் நம்மைக் காக்க உடல் எழுப்பும் எச்சரிக்கை, ஆபத்து இல்லாதபோதும் ஒலிப்பதே இது.

உண்மையான நெருக்கடியில் இது எப்படி மாறுகிறது?

நெருக்கடியின்போது: அப்பா மருத்துவமனையில் இருக்கும்போது மகள் திடமாக ஓடியாடுவாள். செய்ய வேலை இருப்பதால் மனம் தன் உடலைக் கவனிப்பதில்லை. 1940-இல் லண்டன் மீது குண்டுமழை பொழிந்தபோது, மக்கள் கூட்டம் கூட்டமாகப் பீதியடைவார்கள் என அரசாங்கம் அஞ்சியது. ஆனால் எதிர்பார்த்த அளவு அப்படி நடக்கவில்லை.

முடிந்த பிறகு: காரியமெல்லாம் முடிந்து, வீடு அமைதியான ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தாக்கு வரலாம். தூக்கத்திலிருந்து எழுப்பியும் வரலாம். "இப்போது என்ன கவலை?" என்று வீட்டார் கேட்பார்கள். அடக்கி வைத்த களைப்பு இப்போதுதான் வெளிப்படுகிறது என்பதே பதில்.

நெருக்கடி நீண்டால்: வேலை இழப்பு, வட்டிக் கடன், தோட்டம் மூடப்பட்டு வீட்டைக் காலிசெய்ய வேண்டிய நிலை ஆகியவை ஒரு நாளில் தீர்வதில்லை. தோட்டத் துண்டாடல் காலத்தில் நம் முன்னோர் இதைத்தான் அனுபவித்தனர். அதற்குத் தீர்வு தேடியே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இப்படி நீளும் கவலையில் உடல் எப்போதும் விறைப்பாகவே இருக்கும். சிறு சத்தமும் தாக்கைத் தூண்டும். தூக்கமின்மை, வயிற்றுக் கோளாறு, எரிச்சல் என்று வடிவமும் மாறலாம்.

என்ன செய்யலாம்?

முதல் முறை நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால், பீதி என்று நீங்களே முடிவுசெய்யாதீர்கள். 999-ஐ அழையுங்கள். மாரடைப்பு இல்லை என்று மருத்துவர்தான் உறுதிசெய்ய வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை அளவையும் பாருங்கள். இரத்தசோகை, தைராய்டு கோளாறாலும் படபடப்பு வரும்.

பீதித் தாக்கு என்று உறுதியானால், மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். வேகமாக மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மயக்கமும் மரப்பும் கூடும். கோப்பியைக் குறையுங்கள். தாக்கு வந்த பேருந்தையோ சந்தையையோ ஒரேயடியாகத் தவிர்த்தால் பயம்தான் வளரும்.

அடிக்கடி வந்தால், அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் சொல்லுங்கள். பேச்சு சிகிச்சையும் மருந்தும் நல்ல பலன் தருகின்றன. சுகாதார அமைச்சின் ஹீல் உதவித் தொலைபேசி எண் 15555.

கடனையும் வாடகையையும் மருந்து தீர்க்காது. ஆனால் உடல் நிதானமாக இருந்தால்தான் அவற்றைச் சமாளிக்க முடியும். வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால் கேலி செய்யாமல் பக்கத்தில் உட்காருங்கள். அதுவே முதல் உதவி.