பெயரும் பிரிவும் : காரிஜியர் வரலாறு உணர்த்துவது

சமயப் பிரிவுகளின் வரலாற்றை ஆராய்வோர் முதற்கண் நோக்கத்தக்கவை அப்பிரிவுகளின் பெயர்களேயாம். ஒரு பிரிவினர் தாமே பூண்ட பெயர் ஒன்றாகவும், பிறர் இட்ட பெயர் வேறாகவும் இருத்தல் பெருவழக்கு. பிறர் இட்ட பெயரே நிலைபெற்றுவிடின், வரலாறும் அப்பிறர் நோக்கிலேயே எழுதப்பெறும். இசுலாத்தின் முதல் நூற்றாண்டில் தோன்றிய காரிஜியர் இதற்குத் தக்க சான்றாவர். தனிப் பிரிவினராய் வாழ்தல் வேறு, தீவிரவாதம் வேறு என்பதனை அவர் வரலாறு கொண்டு நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றம்

கி.பி. 656-இல் மூன்றாம் கலீபா உதுமான் மதீனாவில் கொல்லப்பட்டார். அடுத்து அலீ கலீபாவானார். உதுமானின் உறவினரும் சிரியாவின் ஆளுநருமாகிய முஆவியா, கொலைஞரைத் தண்டிக்குமாறு கோரி அலீயை ஏற்க மறுத்தார். 657-இல் யூப்ரட்டீசு ஆற்றங்கரையிலுள்ள சிப்பீனில் இருவர் படைகளும் பொருதன. சிரியப் படையினர் குர்ஆன் ஏடுகளை ஈட்டிகளில் உயர்த்திப் பிடித்தனர் என்றும், அதன்பின் போர் நின்று வழக்கு நடுவர் இருவரிடம் விடப்பட்டது என்றும் மரபுச் செய்திகள் கூறும். அலீயின் படையில் ஒரு சாரார் இதற்கு உடன்பட்டிலர். தீர்ப்பு இறைவனுக்கே உரியதாகலின், மனிதரை நடுவராக்குதல் பாவம் என்பது அவர்தம் கொள்கை. 658-இல் நஹ்ரவானில் அலீயின் படை அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது. 661-இல் அவருள் ஒருவனாகிய இப்னு முல்ஜம் கூபாப் பள்ளிவாசலில் அலீயை வாளால் தாக்கினான். அலீ அப்புண்ணால் இறந்தார்.

பெயர்கள்

இவர்கள் பல பெயரால் வழங்கப்பெற்றனர். கூபாவை அடுத்த ஹரூராவில் கூடியமையால் ஹரூரிய்யா என்றும், தம் முழக்கத்தால் முஹக்கிமா என்றும் பெயர் பெற்றனர். காரிஜியர் என்பதற்கு ‘வெளியேறியவர்’ என்பது பொருள். இதன் அரபுப் பன்மையே கவாரிஜ் என்பது. இது பெரிதும் பிறர் வழங்கிய பெயர். அவர்களோ தம்மை ‘ஷுராத்’ என்றனர். இறைவனுக்குத் தம் உயிரை விற்றவர் என்பது அதன் கருத்து. ஒரே செயல் அவர்க்கு ஈகமாகவும் பிறர்க்கு விலகலாகவும் தோன்றியமையை இப்பெயர்கள் காட்டுகின்றன.

அவரைப் பற்றிய செய்திகளைப் பெரும்பாலும் மாற்றாரே எழுதிவைத்தனர். ஆகலின் அவர்தம் பாடல்கள் தனி மதிப்புடைய சான்றுகளாம். அப்பாடல்களை இஹ்ஸான் அப்பாஸ் என்னும் அறிஞர் தொகுத்துள்ளார். சாவுக்கு அஞ்சும் தம் நெஞ்சை நோக்கி, அஞ்சற்க எனக் கத்தரீ இப்னுல் புஜாஆ கூறும் பாடல் அரபு இலக்கியத்தில் புகழ்பெற்றது. இறைப்பற்றும் வாள்வன்மையும் ஒருவரிடமே ஒன்றி நின்றமையை மறுத்தல் இயலாது.

ஒரு சொல்லின் இருபொருள்

684-ஐ ஒட்டிப் பஸ்ராவில் இவர்களிடையே பிளவு நேர்ந்தது. நாபிஉ இப்னுல் அஸ்ரக் என்பார், தம்முடன் போருக்கு எழாத முஸ்லிம்களும் இறைமறுப்பாளரே என்றார். எதிர்ப்பட்டாரை நிறுத்திக் கொள்கை வினாவி, உடன்படாரைக் கொல்லுதல் அவர் கூட்டத்தாரின் வழக்கமாயிற்று. அஸாரிக்கா எனப்பெற்ற இக்கூட்டத்தார், கத்தரீயைப் பின்னாளில் தலைவராகக் கொண்டிருந்து, ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் அழிந்தனர்.

இபாழிகளோ வேறு வழி சென்றனர். ‘குப்ர்’ என்னும் அரபுச் சொல் இறைமறுப்பையும் செய்ந்நன்றி மறத்தலையும் ஒருங்கே குறிக்கும். பாவம் செய்த முஸ்லிமிடம் உள்ளது இரண்டாவது பொருளிலான குப்ரே என்றும், அவரோடு மணவுறவும் மரபுரிமையும் கொள்ளலாம் என்றும் இபாழிகள் விளக்கினர். ஒரு சொல்லுக்கு எப்பொருள் கொள்வது என்பதிலேயே எத்தனையோ பேருடைய உயிர் தங்கியிருந்தது. ஓமானிலும், அல்சீரியாவின் மிசாப் பள்ளத்தாக்கிலும், துனிசியாவின் ஜெர்பாத் தீவிலும் இபாழிகள் இன்றும் வாழ்கின்றனர். காரிஜியர் என்னும் பெயரை அவர்தம் அறிஞர் ஏற்பதில்லை.

இக்கால நிலை

பெயர்ப்போர் பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. எகிப்தில் ஷுக்ரி முஸ்தபா அமைத்த கூட்டம் ‘முஸ்லிம்களின் சமூகம்’ எனத் தன்னை அழைத்துக்கொண்டது. ஏனையோர் முஸ்லிம்கள் அல்லர் என்னும் குறிப்பு அப்பெயரிலேயே அடங்கியுள்ளது. செய்தித்தாள்கள் அதற்கு இட்ட பெயரோ ‘தக்பீர் வல் ஹிஜ்ரா’. பிறரை இறைமறுப்பாளரென விலக்கித் தாமும் விலகிச் செல்லுதல் என்பது அதன் பொருள். 1977-இல் அக்கூட்டத்தார் முன்னாள் அமைச்சரும் மார்க்க அறிஞருமாகிய தஹபீயைக் கடத்திக் கொன்றனர். 1978-இல் ஷுக்ரி தூக்கிலிடப்பட்டார். இத்தகையோரைக் காரிஜியர் எனச் சுட்டுதல் அரசினரிடமும் அறிஞரிடமும் வழக்காயிற்று. கொலையைக் கண்டித்தற்கு அப்பெயர் பயன்படலாம். ஆயின் மாற்றுக் கருத்துடையார் அனைவர்மீதும் அதனைச் சுமத்தின், விலக்கும் குற்றம் விலக்குவோரையே சாரும்.

2004-இல் வெளியான அம்மான் செய்தியைத் தொடர்ந்து, 2005-இல் அந்நகரில் கூடிய அறிஞர்கள் எட்டு மார்க்கச் சட்டநெறிகளை ஏற்று, அவற்றைப் பின்பற்றும் எவரையும் இறைமறுப்பாளர் எனக் கூறலாகாது என அறிவித்தனர். சுன்னி, ஷீஆ நெறிகளோடு இபாழி நெறியும் அவ்வெட்டனுள் ஒன்றாகும்.

முடிவு

அஸாரிக்காவும் இபாழிகளும் ஒரே மூலத்தினின்று கிளைத்தவர்கள். இரு சாராரும் தனிக்கொள்கை உடையவர்கள். அவரை வேறுபடுத்தியது, கொள்கையில் மாறுபட்டாரை எவ்வாறு நடத்துவது என்னும் ஒன்றே. ஆதலின் தீவிரவாதத்தின் வேரைப் பிரிவுகளின் தோற்றத்தில் தேடுதல் பொருந்தாது. பிறன் நெஞ்சில் உள்ள நம்பிக்கைக்குத் தானே தீர்ப்பளித்து, அத்தீர்ப்பை வாளால் நிறைவேற்றும் துணிவிலேயே அவ்வேர் உள்ளது எனக் கருதுகின்றோம். தீர்ப்பு இறைவனுக்கே உரியது என்று எழுந்தவருள் ஒரு சாராரே அத்தீர்ப்பைத் தம் கையில் கொண்டமை இவ்வரலாற்றின் பெருமுரண் ஆகும்.