கெரட்டின் கதை: ஃபார்மலின் பாட்டிலில் இருந்து பெண்ணின் தலைக்கு

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பி.டி.எம். லேஅவுட்டில் ஒரு பார்லர் (பேர் வேண்டாமே). டிசம்பரில் கும்பகோணத்தில் நாத்தனார் பெண் கல்யாணம். அதற்குள் மகளுக்குத் தலைமுடி கம்பி மாதிரி நேராகணுமாம். "கெரட்டின் பண்ணிக்கறேம்ப்பா, ப்ளீஸ்." தங்கமணி ஏற்கெனவே கட்சி மாறியாச்சு. போர்வெல் தண்ணியில் குளித்துக் குளித்து முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது என்பது பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களின் தேசிய கீதம். அதில் உண்மையும் இருக்கிறது. உப்புத் தண்ணி முடியைச் சொரசொரப்பாக்கும்.

பார்லர் பையன் நாலு பாஷை பேசுவான். தமிழிலேயே சொன்னான்: "ஃபார்மால்டிஹைடு கிடையாது சார், சேஃப்." நான் பி.காம். கெமிஸ்ட்ரி பத்தாவதோடு சரி. ஆனால் இருபது வருஷமா லோன் பேப்பர் படிக்கிறவன். "கிடையாது" என்று எவனாவது அழுத்திச் சொன்னால் அதைத்தான் முதலில் பார்ப்பேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து படித்தேன்.

முடியோடு மல்லுக்கட்டுவது புதுசில்லை. 1906-ல் லண்டனில் கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மானியர், நேர்முடியைச் சுருட்டும் 'பெர்மனென்ட் வேவ்' முறையை ஊருக்குக் காட்டினார். காரக் கரைசலும் சூடும்தான் சரக்கு. முதலில் சோதித்துப் பார்த்தது மனைவியின் தலையில்! முடி போய், தலையும் வெந்துபோனதாம். (தங்கமணியிடம் சொன்னேன், பதில் வரலை. ஒரு பார்வைதான்.)

சுருட்டுவதோ நீட்டுவதோ, சூட்சுமம் ஒன்றே. முடியே கெரட்டின் என்ற புரதம்தான். அதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் கட்டி வைத்திருக்கின்றன. பெர்மிங்கும் ஸ்ட்ரெய்ட்டனிங்கும் அவற்றை உடைத்து வேறு வடிவத்தில் மறுபடி கட்டுகின்றன. 2000-க்குப் பிறகு பிரேசிலில் இருந்து கிளம்பிய முறை வேறு. உடைக்காமல், இழைகளுக்கு நடுவே புதுப் பாலம் போடுவது. அந்தப் பாலம் கெரட்டின் இல்லை சார், ஃபார்மால்டிஹைடு! கெரட்டின் வெறும் மேல்பூச்சு, பேருக்கு ஒரு சேர்க்கை. ஸ்கூல் ஸுவாலஜி லேபில் தவளை மிதந்த பாட்டில் ஞாபகம் இருக்கா? அதே ஃபார்மலின்தான்.

பலன் பொய்யில்லை. மூணு நாலு மாசம் முடி படியும், சிக்கு விழாது, காலையில் அரை மணி மிச்சம். வேலைக்குப் போகிற பெண்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

மறுபக்கம், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. 2009-ல் பிரேசில், மருந்துக் கடைகளிலும் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் ஃபார்மால்டிஹைடு விற்பதற்குத் தடை போட்டது. 2010-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பார்லர் பெண்கள் மூக்கில் ரத்தம், கண் எரிச்சல் என்று புகார் செய்ய, 'பிரேசிலியன் ப்ளோஅவுட்' பாட்டிலைச் சோதித்தார்கள். லேபிளில் "ஃபார்மால்டிஹைடு இல்லை". உள்ளே கிட்டத்தட்ட பத்து சதவீதம் வரை! தண்ணீரில் கரைந்தால் அது மெத்திலீன் கிளைகால் ஆகிவிடும், அதனால் ஃபார்மால்டிஹைடு இல்லை என்பது வாதம். 230 டிகிரியில் அயர்னிங் செய்ததும் வாயுவாகத் திரும்பி வந்துவிடுகிறதே! கடனை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு "பாக்கி இல்லை" என்கிற கேஸ் நான் நிறையப் பார்த்தவன். 2011-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2012-ல் கலிஃபோர்னியாவில் ஆறு லட்சம் டாலர் கட்டி சமரசம் ஆனார்கள்.

சரி, நிஜமாகவே ஃபார்மால்டிஹைடு இல்லாதது? அதற்குப் பதில் வந்தது கிளையாக்ஸிலிக் அமிலம். 2023-ல் இஸ்ரேல் மருத்துவர்கள், முடி நேராக்கியபின் சிறுநீரகம் திடீரெனப் பழுதான 26 பெண்களைப் பற்றி எழுதினார்கள். மூன்று பேருக்குத் தற்காலிக டயாலிசிஸ். 2024-ல் பிரான்ஸ் மருத்துவர்கள் 26 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். மூன்று முறை பார்லர், மூன்று முறையும் சிறுநீரகம் படுத்துவிட்டது. அந்த க்ரீமை எலியின் தோலில் தடவிப் பார்த்தால், சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்ஸலேட் படிகம். நம்ம ஊரில் கல்லடைப்பு என்பார்களே, பெரும்பாலும் அந்தக் கல்லின் சரக்கு.

அடுத்த ஞாயிறு மறுபடி போய், பாட்டிலைக் காட்டச் சொன்னேன். முன்னால் பெரிசாக "இல்லை". பின்னால் எறும்பு எழுத்தில் இரண்டாவது வரியிலேயே கிளையாக்ஸிலிக் ஆசிட். மகள் போனில் பத்து நிமிஷம் படித்தாள். "வெறும் ஹேர்கட் போதும்ப்பா." ஊரில் இருந்து அம்மா, "ஏண்டா, சீயக்காய்க்கு என்ன கேடு?" என்று ஒரு கிலோ பொடி அனுப்பியிருக்கிறாள். மகள் இன்னும் அதைப் பிரிக்கவில்லை.

கிளம்பும்போது பையனிடம், எக்ஸாஸ்ட் ஃபேன் எங்கேப்பா என்று கேட்டேன். "ஏசி சார், ஜன்னல் திறக்க மாட்டோம்" என்றான். கண் சிவந்திருந்தது. ஒரு நாளைக்கு நாலு தலை பண்ணுகிறானாம்.